படத்தின் பின்பக்கம்: ஒரு கல்லூரியின் ஓவியங்களைப் பட்டியலாக்கிய அனுபவம்

வருட இறுதியில் பாடசாலைகளில் பொருட் கணக்கெடுப்பு நடப்பது வழக்கம். கதிரை, மேசை, மின்விசிறி, ஆய்வுகூடச் சாமான்கள் என எல்லாவற்றையும் எண்ணி, பொருட்பதிவேட்டோடு ஒப்பிட்டு, உடைந்து போனவற்றைக் கழித்துவிடச் சிபாரிசு செய்ய வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் கல்லூரியில் அந்தக் குழுவில் நானும் ஒருவனாக இருந்தேன். பழைய விஞ்ஞான கூடத்தின் பின்னாலிருந்த களஞ்சிய அறைக்கு வந்தபோது பதிவேட்டில் ஒரு வரி கண்ணில் பட்டது: "சுவர்ப் படங்கள், பழையவை." அதற்கு நேரே யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "பாவனைக்கு உதவாதவை."

அலுமாரியைத் திறந்தோம். நீர்வர்ணம், போஸ்டர் வர்ணம், சில தைலவர்ண ஓவியங்கள், அறபு எழுத்தணிகள், பற்றிக் துணிகள், சாயமிட்ட பன்னால் இழைத்த சிறு பாய்கள். சித்திர ஆசிரியர்கள் பலர் வந்து போன காலமெல்லாம் சேர்ந்தவை அவை. கீழ்த்தட்டில் இருந்தவை 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது நனைந்து, காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கதவைத் திறந்துவிட்ட காவலாளிக் காக்கா ஒரு படத்தை எடுத்துப் புறங்கையால் தூசி தட்டினார். "சேர், இது ஆருட கையோ தெரியா. ஆனா கை நல்ல கை" என்றார்.

ஆருடைய கை? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனதுதான் இந்தக் கட்டுரையில் நான் விளக்கவிருக்கும் வேலை. அதிபரிடம் மூன்று மாதம் தவணை கேட்டேன். இரண்டு வருடம் சென்றது.

படமெடுப்பது வேறு, பட்டியலாக்குவது வேறு

"போன்ல போட்டோ எடுத்து ட்ரைவ்ல போட்டா முடிஞ்சிதானே சேர்" என்று பலர் சொன்னார்கள். முடியாது. ஒரு கலைச் சேகரிப்பை எண்ணிமப்படுத்தும்போது நம் கையில் மூன்று விடயங்கள் இருக்கின்றன. ஒன்று, ஓவியம் என்ற பொருள். இரண்டாவது, அதன் படிமம், அதாவது கணினியில் உள்ள பிரதி. மூன்றாவது, அதைப் பற்றிய பதிவு: யார் வரைந்தது, எப்போது, எதைக் கொண்டு, என்ன அளவு, எங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது, இப்போது எங்கே இருக்கிறது. இந்த மூன்றையும் கட்டி வைக்கும் கயிறு ஒரு எண். அந்த எண் இல்லாவிட்டால் ஆயிரம் புகைப்படம் எடுத்தாலும் அது ஆயிரம் புகைப்படம்தான். அதில் எதையும் தேடி எடுக்க முடியாது.

ஆகவே கெமராவைத் தொடுவதற்கு முன்பு எண் இட வேண்டும். நூதனசாலைகளில் பொருள் வந்து சேர்ந்த வருடத்தை முதலில் போட்டு, பிறகு வரிசை எண் போடும் முறை உண்டு. எங்களுக்கு வந்து சேர்ந்த வருடமே தெரியாது. எனவே 0001 இலிருந்து வெறும் தொடர் எண் கொடுத்தோம். நீர்வர்ணத்துக்கு 'நீ', எழுத்தணிக்கு 'எ' என்று எண்ணுக்குள் பொருள் புகுத்தப் பார்த்து, முதல் வாரத்திலேயே கைவிட்டோம். நீர்வர்ணத்தில் எழுதிய எழுத்தணியை எதில் சேர்ப்பது? எண் அடையாளம் காட்டினால் போதும். விளக்கம் சொல்வது பதிவின் வேலை.

காகித ஓவியத்தில் எண்ணைப் பின்பக்க மூலையில் மென்மையான 2பி பென்சிலால், அழுத்தாமல் எழுத வேண்டும். போல்பொயின்ட் பேனையின் மை ஊறி முன்பக்கம் வரும். அழுத்தினால் தடம் விழும். செலோடேப் வேண்டவே வேண்டாம். சில வருடங்களில் அது மஞ்சளாகிக் காகிதத்தையும் கறைப்படுத்திவிடும். கன்வஸ் ஓவியமாயின் எண் துணியில் அல்ல, பின்னாலுள்ள மரச் சட்டத்தில் வர வேண்டும். பூஞ்சணம் பிடித்தவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில், முகக்கவசம் அணிந்துகொண்டே கையாள வேண்டும். ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. போஸ்டர் வர்ணம் தண்ணீரில் கரையக் கூடியது. ஒரு துடைப்பில் ஓவியமே துணிக்கு வந்துவிடும். ஒட்டிக் கிடந்தவற்றை நாங்கள் பிரிக்க முயலவில்லை. அப்படியே வைத்து, 'பிரிக்கப்படவில்லை' என்று பதிந்தோம். தெரியாத கையால் திருத்துவதைவிடத் தொடாமல் விடுவது நல்லது.

படிமம் எடுக்கும் முறை

ஏ3 அளவு வரையான தட்டையான, பொடி உதிராத காகித ஓவியங்களுக்கு ஸ்கேனர் போதும். அதைவிடப் பெரியவற்றுக்கும் வர்ணம் உதிர்பவற்றுக்கும் முக்காலியில் நிறுத்திய கெமரா வேண்டும். கெமராவின் வில்லை ஓவியத்தின் நடுவுக்கு நேராக, ஓவியத்துக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். ஒரே வகையான இரண்டு விளக்குகளை இரு பக்கமும் 45 பாகையில் வைத்தால் வெளிச்சம் சமமாக விழும், பளபளப்பும் குறையும். பிளாஷ் கூடாது. ஓரத்தில் ஓர் அடிமட்டமும் வர்ண அட்டையும் சேர்த்து எடுத்தால், பின்னாளில் பார்ப்பவருக்கு உண்மையான அளவும் நிறமும் தெரியும்.

பின்பக்கத்தையும் கட்டாயம் எடுக்க வேண்டும். மாணவர் ஓவியங்களில் முன்பக்கம் பெரும்பாலும் கையெழுத்து இருப்பதில்லை. வகுப்பு, இடாப்பு எண், ஆசிரியர் போட்ட புள்ளி, கண்காட்சியில் ஒட்டிய துண்டுச் சீட்டு எல்லாம் பின்னால்தான் இருக்கும். நாங்கள் கண்டுபிடித்த பெயர்களில் அதிகமானவை பின்பக்கத்திலிருந்து வந்தவை.

மூலப் பிரதியை டிஃப் வடிவிலும், பார்வைக்கான பிரதியை ஜேபெக் வடிவிலும் வைத்தோம். ஜேபெக் கோப்பைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தகவல் இழக்கப்படும். டிஃப்பில் அந்த இழப்பு இல்லை. ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். ஏ3 காகிதம் ஒன்றை அங்குலத்துக்கு 400 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 93 மெகாபைட் வரும். முன்னும் பின்னுமாக 300 ஓவியங்கள் என்றால் ஏறத்தாழ 56 ஜிகாபைட். இன்று ஒரு சிறிய பென் ட்ரைவில் அடங்கும் அளவு அது. அப்படி அடங்கிவிடுவதிலேயே ஆபத்தும் இருக்கிறது. ஒரு பென் ட்ரைவ் தொலைந்தால் எல்லாம் தொலையும்.

அதற்கு ஆவணக்காரர்களிடம் எளிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு ஊரில். கடலோரத்தில் இருக்கும் எங்களுக்கு இந்தக் கடைசி நிபந்தனையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க் மலைநாட்டில் பழைய மாணவர் ஒருவரின் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற முறையில் 64 எழுத்துக் கொண்ட சரிபார்ப்புத் தொகை ஒன்றும் எடுத்து வைத்தோம். கோப்பில் ஓர் இம்மி மாறினாலும் அந்தத் தொகை மாறிவிடும். வருடத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தப் பிரதி கெட்டுப் போயிருக்கிறது என்பது உடனே தெரியும்.

பெயர் என்ற பெரும் சிக்கல்

பதிவில் என்னென்ன எழுதுவது என்பதற்கு உலகளாவிய நியமங்கள் இருக்கின்றன. டப்ளின் கோர் என்ற நியமம் 15 விபரங்களைக் கேட்கிறது. களவு போன கலைப்பொருளை அடையாளம் காண்பதற்காக 1997 இல் வெளிவந்த ஒப்ஜெக்ட் ஐடி, வகை, பொருள், அளவு, எழுத்துக் குறிப்புகள், தனி அடையாளங்கள் முதலியவற்றைக் கேட்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒரு எக்செல் அட்டவணையில் எங்களுக்கு ஏற்ற நிரல்களை அமைத்தோம். ஆனால் நியமம் எதுவும் எங்கள் பெயர்களை எதிர்பார்த்திருக்கவில்லை.

முஹம்மது, முகம்மது, முகம்மத், மொஹமட், முஹம்மத். ஒரே மனிதர் பத்தாம் வகுப்பில் ஒரு விதமாகவும், பதினோராம் வகுப்பில் வேறு விதமாகவும், சஞ்சிகையில் மூன்றாவது விதமாகவும் எழுதப்படுகிறார். மேலும் முதலெழுத்துகள். "ஏ.எல்." என்று தொடங்கும் பெயரில் 'ஏ' என்பது ஆதமா, அப்துலா, அஹமதா? பெண்களின் பெயரில் தந்தையின் முதலெழுத்து வரும். சிலருக்குத் திருமணத்துக்குப் பின் கணவரின் பெயர் சேரும். அப்போது இருவராகத் தோன்றுவார்கள்.

இதற்கு நூலகத்துறை கண்ட வழி, அதிகாரப் பெயர்க் கோப்பு. ஒவ்வொரு நபருக்கும் ஓர் எண். அந்த எண்ணின் கீழ் ஒரு முதன்மைப் பெயர். பக்கத்தில் மற்ற எழுத்து வடிவங்கள் அனைத்தும். எந்த வடிவத்தில் தேடினாலும் அதே நபரிடம் வந்து சேரலாம். முதன்மை வடிவம் எது என்பதை, ஆள் உயிரோடிருந்தால் அவரிடமே கேட்டோம். ஓவியத்தில் எழுதியிருக்கும் வடிவத்தை எக்காரணத்துக்காகவும் திருத்தவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடு பதிந்தோம்.

தேதியும் இப்படித்தான். எழுத்தணி ஒன்றில் ஹிஜ்ரி 1400 என்று மட்டும் இருந்தது. அந்த வருடம் 1979 நவம்பரில் தொடங்கி 1980 நவம்பரில் முடிந்தது. ஆகவே ஒரு வருடத்தைத் தெரிந்து எழுதாமல் "ஹி. 1400 (1979–1980)" என்று பதிந்தோம். தலைப்பு இல்லாத படங்களுக்கு நாங்கள் வைத்த தலைப்புகளைச் சதுர அடைப்புக்குள் இட்டோம். எது ஓவியர் சொன்னது, எது நாங்கள் சொன்னது என்பது வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

கண்காட்சியும் ஒரு பதிவுதான்

பாதி வேலை முடிந்த பிறகுதான் ஒரு குறை விளங்கியது. ஓவியங்களைப் பதிந்தோம், அவை கூடி நின்ற கண்காட்சிகளைப் பதியவில்லை. மீலாத் விழா, பரிசளிப்பு விழா, கல்லூரியின் ஆண்டு நிறைவு என்று ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் மண்டபத்தில் படங்கள் தொங்கியிருக்கின்றன. அந்த மூன்று நாட்களில் ஒவ்வொரு படத்துக்கும் பெயரும் எண்ணும் இருந்தன. நான்காம் நாள் படங்கள் அலுமாரிக்குப் போயின. பெயர்ப் பட்டியல் வேறெங்கோ போயிற்று. பெயரும் படமும் பிரிந்த நாள் அதுதான்.

நியூயோர்க்கிலுள்ள நவீன கலை நூதனசாலை, 1929 இலிருந்து தான் நடத்திய கண்காட்சிகளின் வரலாற்றை 2016 இல் இணையத்தில் திறந்துவிட்டது. படைப்புப் பட்டியல், செய்திக் குறிப்பு, மண்டபப் புகைப்படங்கள் யாவும் அதில் உண்டு. அந்த அளவு வசதி நமக்கில்லை. ஆனால் முறை ஒன்றுதான். ஒவ்வொரு கண்காட்சிக்கும் தனிப் பதிவு: பெயர், தேதி, இடம், பொறுப்பாசிரியர். அதோடு அழைப்பிதழ், ரோனியோப் பட்டியல், பார்வையாளர் கொப்பி, சஞ்சிகைக் குறிப்பு, லொக் புத்தக வரி, புகைப்படம். பிறகு இன்ன ஓவியம் இன்ன கண்காட்சியில் இன்ன இலக்கத்தில் இருந்தது என்று இரண்டையும் இணைக்கும் ஓர் அட்டவணை. பழைய மாணவர்களின் வீட்டு அல்பங்களிலிருந்து வந்த புகைப்படங்கள்தான் இதில் பெரிதும் கைகொடுத்தன. பரிசு வாங்கும் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் சுவர் தெரியும். சுவரில் படம் தெரியும். படத்தின் கீழே இலக்கம் தெரியும்.

முகமில்லாத மூன்று பெண்கள்

எங்கள் பட்டியலில் 0147 ஒரு நீர்வர்ண ஓவியம். திண்ணையில் மூன்று பெண்கள் பாய் இழைக்கிறார்கள். சேலையின் மடிப்பு, பன்னின் சாயம், விரல்களின் வளைவு எல்லாம் கவனமாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. முகங்கள் மட்டும் வெறும் காகிதம். நான் எழுதினேன்: "[பாய் இழைக்கும் பெண்கள்]. ஓவியர் அறியப்படவில்லை. முற்றுப்பெறாதது."

பிறகு வந்த ஒரு மண்டபப் புகைப்படத்தில் அதே படம் இருந்தது. கீழே 34 என்ற இலக்கம். 1986 கண்காட்சியின் ரோனியோப் பட்டியலில் 34க்கு நேரே "பன் பாய்" என்றும், ஒரு மாணவியின் பெயரும். சேர்வு இடாப்பைக் கொண்டு ஊரில் விசாரித்துப் போனோம். இப்போது அவர் பேரப்பிள்ளைகள் உள்ள உம்மம்மா. அச்சிட்ட பிரதியை நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"இது என்ட உம்மா. இது பெரியம்மா. இது எங்கட பக்கத்து ஊட்டு ராத்தா."

முடிக்காமல் விட்ட படமா என்று கேட்டேன்.

"ஆரு சொன்ன முடியல்லெண்டு? முடிஞ்ச படம்தான் சேர். மொகம் வெக்காம நான்தான் உட்ட. டீச்சர் வெக்கச் சொன்ன. எனக்கு மனம் வரல்ல. மொகம் இல்லாட்டியும் உம்மாவ எனக்குத் தெரியுந்தானே."

'முற்றுப்பெறாதது' என்ற என் ஒரு சொல், அந்தப் பிள்ளை எடுத்த முடிவொன்றை இல்லாமலாக்கியிருந்தது. கண்ணால் கண்டதை எழுதுவது விபரிப்பு. அதற்குக் காரணம் கற்பிப்பது ஊகம். "முகங்கள் தீட்டப்படவில்லை" என்று நிறுத்தியிருந்தால் பிழையில்லை. பதிவைத் திருத்தினோம். வருடத்தையும் அவரே திருத்தினார்: 1986 கண்காட்சிக்கு வைத்த வருடம், வரைந்தது அதற்கு முந்திய வருடம், ஒன்பதாம் வகுப்பில். பழைய பதிவை அழிக்காமல், எப்போது, யார் சொல்லி மாற்றியது என்ற குறிப்போடு வைத்திருக்கிறோம்.

உருவ ஓவியங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எங்கள் சேகரிப்பில் முகம் தீட்டிய படங்களும் இருக்கின்றன. "அதையெல்லாம் பட்டியல்ல போடத்தான் வேணுமா?" என்று சிலர் கேட்டார்கள். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எங்கள் கல்லூரியின் மௌலவி ஆசிரியரிடம் கேட்டேன். "சுவரில் மாட்டுவது ஒரு விடயம். இப்படி ஒன்று இருந்தது என்று எழுதி வைப்பது வேறு விடயம். இருந்ததை இல்லை என்று எழுதாதீங்க" என்றார். அதையே எங்கள் விதியாகக் கொண்டோம். எதை மாட்டுவது என்பதை அந்தந்தக் கால நிருவாகம் தீர்மானிக்கட்டும். பட்டியலில் எல்லாம் இருக்கும்.

நமது வரலாற்றிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. அல்-ஹரீரியின் மகாமாத் நூலுக்கு ஓவியம் தீட்டிய யஹ்யா இப்னு மஹ்மூத் அல்-வாஸிதியின் பிரதி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஹிஜ்ரி 634இல், அதாவது 1237இல் முடித்தது. எழுதியதும் தீட்டியதும் தானே என்று அவர் பிரதியின் இறுதியில் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு இருப்பதால் கிட்டத்தட்ட எட்டு நூற்றாண்டுக்குப் பிறகும் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அப்படியொரு வரி எழுதி வைக்காத எத்தனையோ ஓவியர்களின் கை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

உரிமையும் வெளியீடும்

ஓவியம் நம் அலுமாரியில் இருப்பதால் அதை வெளியிடும் உரிமையும் நமக்கு வந்துவிடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை பொதுவாகப் படைத்தவரின் வாழ்நாளும் அதன் பின் 70 வருடமும் நீடிக்கும். பதினான்கு வயதில் வரைந்திருந்தாலும் படைத்தவர் படைத்தவர்தான். தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

ஆகவே பதிவுகளை மூன்று வகையாக்கினோம்: அனுமதி பெற்று எவரும் பார்க்கக் கூடியவை, கல்லூரி நூலகத்தில் வந்து பார்க்கக் கூடியவை, விபரம் மட்டும் தெரியக் கூடியவை. அனுமதிக் கடிதம் தமிழில் ஒரே பக்கம். பெயர் போடலாமா, எந்த வடிவில், படத்தை வெளியிடலாமா என்று மூன்றே கேள்விகள். 0147ஐ வரைந்தவர் படத்துக்கும் பெயருக்கும் சம்மதித்தார். தன்னுடைய புகைப்படம் வேண்டாம் என்றார். பெயரை வாப்பாவின் முதலெழுத்தோடு, பட்டியலில் அன்று இருந்தபடியே போடச் சொன்னார்.

உங்கள் பாடசாலையிலும் இப்படியோர் அலுமாரி இருக்கக் கூடும். ஸ்கேனர் வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் அப்பியாசக் கொப்பி, ஒரு 2பி பென்சில், ஓர் அடிமட்டம் போதும். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள், எண் இடுங்கள், வரைந்தவரைத் தெரிந்த வயதான ஆசிரியர் ஒருவர் ஊரில் இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். எங்கள் பழைய சித்திர ஆசிரியர் ஒருவரிடம் அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப் போட்டோம். அவர் அதற்குள் வபாத்தாகிவிட்டார். அவரிடம் கேட்க வைத்திருந்த படங்களுக்கு நேரே "ஓவியர் அறியப்படவில்லை" என்றுதான் இன்னும் இருக்கிறது.

பொருட்பதிவேட்டில் அந்தப் பழைய வரியை இப்போது வெட்டிவிட்டு, "ஓவியப் பட்டியலைப் பார்க்க" என்று எழுதியிருக்கிறோம். கழித்துவிட ஒன்றும் இல்லை.